பெயிண்ட் அடிக்காத தியாகலிங்கம்

"கடையில இவ்வளவு கூட்டம். முகப்புக்கு ஒரு கோட் பெயிண்ட் அடிக்க மனசு வரலையா?"

தேவதர்ஷினி கேட்டேவிட்டாள். பழைய கட்டடங்களைச் சோதித்து நகரசபைக்கு அறிக்கை எழுதும் ஆர்க்கிடெக்ட் அவள். மனுரேவா புறநகரில் இருந்த இந்த ஜார்ஜியன் பாணிக் கடையின் கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நூறு வருடத்துக்கு முன் ஒரு துணி வியாபாரி தன் இரண்டு மகன்களுக்காகக் கட்டியது. பின்னால் சண்டை வரக்கூடாதென்று இந்தப் பக்கம் இரண்டு தூண், அந்தப் பக்கம் இரண்டு தூண், நடுவில் முக்கோண முகப்பு என்று இம்மி பிசகாமல் பங்கு போட்டிருந்தார்.

இப்போது ஒரு பாதியில் தியாகலிங்கத்தின் மளிகைக் கடை. மறுபாதியில் கௌரியின் தையல் கடை. இரண்டு பக்கமும் பெயிண்ட் உரிந்து தொங்கியது.

"அடிக்கலாம் பிள்ளை, அடிக்கலாம்" என்று தியாகலிங்கம் மழுப்பினார்.

கஞ்ச மகாபிரபு என்று நினைத்துக்கொண்டே பின்சுவரைப் பார்க்க ஸ்டோர் ரூமுக்குள் போனாள். அங்கே, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், மூடி திறக்காத ஆறு பெயிண்ட் டின்.

"வாங்கி வச்சுக்கிட்டா அடிக்காம இருக்கீங்க?"

"மெல்லக் கதையுங்கோ. பக்கத்திலை கௌரிக்குக் கேக்கும்."

அவர் கதவைச் சாத்தினார்.

"போன வருசம் அவளின்ர மனுசன் யசீகரன் செத்துப்போனான். கடை மோர்ட்கேஜ் கடனைக் கட்டவே அந்தப் பிள்ளை படாத பாடு படுகுது. அவளின்ர பக்கமும் சேத்து அடிச்சுத் தாறன் எண்டன். வேண்டாம் எண்டிட்டாள். ஒருத்தரிட்டையும் கை நீட்டமாட்டாள்."

"உங்க பக்கத்தையாவது அடிச்சிருக்கலாமே?"

"என்ர பக்கம் பளிச்செண்டு இருந்தா, அவளின்ர பக்கம்தானே எல்லாற்ற கண்ணிலையும் படும். இப்ப பாக்கிறவை என்னைக் கஞ்சன் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். சொல்லட்டும்."

தேவதர்ஷினிக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியே வந்து தையல் கடைக்குள் நுழைந்தாள்.

கௌரி மெஷினை நிறுத்தினாள். "பெயிண்ட் அடிக்கச் சொல்லி லெட்டர் வருமோ?"

"ஆமா, வரும்."

கௌரியின் முகம் வாடியது.

"ஆனா உங்க பக்கத்தை நீங்க தனியா அடிக்கக் கூடாதுங்க. கட்டடத்துக்கு முகம் ஒண்ணுதான். ரெண்டு பாதியையும் ஒரே ஆள், ஒரே சமயத்துல, ஒரே பெயிண்ட்ல அடிக்கணும். இல்லேன்னா கலர் மாறிடும். பக்கத்துக் கடைக்காரர் ஏற்கெனவே பெயிண்ட் வாங்கிட்டார், அதனால அவர்தான் அடிக்கணும். இது ரூல்."

கௌரி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள்.

"ரூல் எண்டா மாட்டன் எண்டு சொல்லேலாதே" என்றாள். "ஆனா அடிக்கிற நாளிலை அண்ணைக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் குடுப்பன்."

"தாராளமா. அதுக்கு ரூல் தடை சொல்லாது."

அப்படியொரு ரூல் இருப்பதை, பதினொரு வருட சர்வீஸில், தேவதர்ஷினியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். அதுவும் தன் வாயாலேயே.