கை பொறுக்கும் வரை

கடல் ஏறிக்கொண்டே வந்தது. கரையில் கிடந்த இழுவை மோட்டார் சின்னப் படகை மணலில் இழுத்து ஏற்றுவதற்கானது. அதில் கட்டியிருந்ததோ பெரிய படகு.

"தாங்காது மதினி, எரிஞ்சிரும்" என்றான் லூர்து.

"ஒரே மூச்சா இழுத்தாத்தாம்ல எரியும்" என்ற பனிமயம், மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தினாள். கயிறு தளர்ந்தது. படகு கடலுக்குள் சரியாமல் லூர்து அடியில் இரண்டு கட்டை கொடுத்தான். சூடு ஆறியதும் மறுபடி போட்டாள். இப்படி நிறுத்தி நிறுத்தியே படகைப் பாதி மணல்வரை ஏற்றிவிட்டார்கள். அடுத்த முறை நிறுத்தியிருந்தபோது ஓர் அலை வந்து ஒரு கட்டையை உருவிக்கொண்டு போனது.

"போடுங்க மதினி, இன்னொரு அலைக்கு நிக்காது."

அவள் கையை எடுக்கவில்லை.

"இருல. இன்னும் சுடுது."