டேப்பில் வந்த ஹெட்மாஸ்டர்

"இன்னிக்கும் தூங்கினா வேலை போயிடும், வரதன் சார். சொல்லிட்டேன்."

ஹெட்மாஸ்டர் ஏகாம்பரம் இதைத் தனியா கூப்பிட்டுச் சொல்லல. எல்லா வாத்தியாருங்க முன்னாலயும் சொன்னார்.

வரதனுக்கு டெம்பரரி வேலை. ஸ்டாஃப் மீட்டிங்கில் தூங்கி ரெண்டு மெமோ வாங்கியாச்சு. ஏன் தூங்குறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா, குழந்தைக்குக் கக்குவான் இருமல், ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுக்கினு நடக்கிறார்னு தெரிஞ்சிருக்கும்.

தூங்காம என்ன பண்ணுவாங்க? சனிக்கிழமை மத்தியானம், உத்திரமேரூர் வெயில், சாப்பிட்ட வயிறு. இதுல ஹெட்மாஸ்டர் சர்க்குலர் படிப்பார்.

பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம்தான் கரண்ட் வந்தது. மீட்டிங்கைச் சுறுசுறுப்பாக்கிக் காட்டுறேன்னு, ஹெட்மாஸ்டர் காஞ்சிபுரத்து மச்சானிடம் இரவல் வாங்கின டேப் ரிக்கார்டரை பஸ்ஸில் மடியில் வெச்சுக் கொண்டுவந்திருந்தார். பேச வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே பேசிப் பதிவு பண்ணியாச்சாம். இனிமே பெட்டி பேசும், அவர் எல்லார் மூஞ்சியையும் பார்த்துக்கினு இருப்பார். எவனும் தப்ப முடியாது.

சயின்ஸ் வாத்தியார் ஏசுதாஸ் ஸ்விட்சைத் திருப்பினார். சக்கரம் சுத்திச்சு. பெட்டிக்குள்ளேருந்து ஹெட்மாஸ்டர் கனைச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. வெளியே இருந்த ஹெட்மாஸ்டருக்குப் பெருமை தாங்கல. கையைக் கட்டிக்கினு நாற்காலியில் சாய்ஞ்சார்.

வரதன் அவருக்கு எதிர் பெஞ்சு. தொடையைக் கிள்ளிக்கிட்டார். நாக்கைக் கடிச்சார். பெட்டி சாக்பீஸ் சிக்கனத்தில் ஆரம்பிச்சு, கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது வரைக்கும் போச்சு. கண் சொருகும்போதெல்லாம் டிராயிங் வாத்தியார் சடையப்பன் பின்னாலேருந்து பென்சிலால் குத்தினார்.

அப்போதான் பெட்டி சொல்லிச்சு:

"இந்நேரம் யாராவது தூங்கியிருப்பீங்க, எனக்குத் தெரியும். வரதன் சார், முழிச்சிருந்தீங்கன்னா உங்களுக்கு ஒரு வேலை. எழுந்து சுத்திப் பாருங்க. தூங்குறது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, தோளைத் தட்டி எழுப்பி, பெஞ்சு மேல ஏத்துங்க."

வரதன் எழுந்தார். சுத்திப் பார்த்தார். எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போச்சு.

நாற்காலியில் ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்துக்கினு தூங்குறார்.

சடையப்பன் சிரிப்பை அடக்க முடியாம, "தட்டுய்யா. ரெண்டு மெமோவுக்கும் சேர்த்துத் தட்டு" என்று உசுப்பினார்.

வரதன் நாற்காலி கிட்டே போனார். கொஞ்ச நேரம் அந்த மூஞ்சியையே பார்த்தார். ஜன்னல் வெயில் நேரா கண்ணுல அடிச்சுக்கினு இருந்துச்சு.

"அவர் வூட்லயும் யாருக்கு இன்னாவோ, பாவம்" என்று ஏசுதாஸிடம் மெதுவா சொல்லிட்டு, ஜன்னலைச் சாத்தினார்.

ஏசுதாஸ் சத்தத்தைக் குறைச்சார்.

பெட்டி விடல. "இன்னும் என்ன யோசனை, வரதன் சார்? எழுப்புங்க" என்றது.

வரதன் எழுப்பல.