கைப்பிடி இல்லாத கோப்பை

"போயும் போயும் அந்த உடைஞ்ச கோப்பைதானா உன் கண்ணுல பட்டுச்சு?"

விருந்து முடிந்து வாசலைத் தாண்டியதும் தாண்டாததுமாக, வாத்தியார் தம் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க."

அவருக்கு ஆற்றவில்லை. சுற்றுலா வந்த நாட்டில், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தேநீர். வழிகாட்டி பேருந்திலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இங்கே விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தா, உடையவங்க அதைக் கொடுத்தே ஆகணும். எதையுமே புகழலன்னா வீட்டுக்குக் குறை. பார்த்துப் பேசுங்க."

உடன் சுற்றுலா வந்திருந்த நகைக்கடைக்காரர் சற்றும் கூசாமல் செம்புக் கூஜா ஒன்றைப் புகழ்ந்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாத்தியாரின் மனைவியோ, அலமாரி முழுவதையும் கண்ணால் துழாவி, மூலையில் கைப்பிடி உடைந்து கிடந்த சின்னக் கோப்பையைக் காட்டி, "என்ன லட்சணமா இருக்கு" என்றாள்.

வீட்டுக்காரம்மாள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு அதைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"நல்ல பொருளைப் புகழ்ந்தா அவங்களுக்கு நஷ்டம். அதான் யாருக்கும் உதவாததாப் பார்த்துச் சொன்னேன்" என்றாள் மனைவி. "ஆனா தப்புப் பண்ணிட்டேங்க. இதை அந்தம்மாகிட்டயே சேர்த்துடணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் அதற்குள் வழிகாட்டியிடம் போய்விட்டாள்.

"அது மட்டும் வேண்டாம்மா" என்றார் அவர். "கொடுத்ததைத் திருப்பினா முகத்துல அடிச்ச மாதிரி. ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாங்க."

"இந்த வழக்கம் வீட்டுக்காரங்களுக்கு மட்டுமா தம்பி? நம்ம கையில இருக்கிற பொருளை அவங்க புகழ்ந்தா?"

"நாமளும் கொடுக்கத்தான் வேணும்."

அவ்வளவுதான். அவள் துணியைப் பிரித்தாள். வழியனுப்ப வாசலில் நின்ற வீட்டுக்காரம்மாளுக்கு எதிரே போய், கோப்பையை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். விளிம்பைத் தடவினாள். பிறகு அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நகைக்கடைக்காரர் சிரித்தார். "வாங்கினதை வாங்கின இடத்துலயே காட்டிப் பெருமை அடிச்சுக்கிறாங்களே. ஏன் வாத்தியாரே, உங்க வீட்டுல டம்ளர் பஞ்சமா?"

வாத்தியாருக்குத் தலை கவிழ்ந்தது. "மானத்தை வாங்காதே. வந்து வண்டியில ஏறு."

அவள் நகரவில்லை.

வீட்டுக்காரம்மாளின் கண்கள் கோப்பையை விட்டு அகலவில்லை. மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

வழிகாட்டி மொழிபெயர்த்தார். "ரொம்ப அழகா இருக்காம்."

"அப்படின்னா இது அவங்களுக்குத்தான். வந்த இடத்துல வழக்கத்தை மீறலாமா?"

சொல்லிக்கொண்டே கோப்பையை அவள் கைகளில் வைத்தாள். அந்த அம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். கதவு அகலத் திறந்தது.

இவ்வளவு நேரமும் தாம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சுவரை வாத்தியார் அப்போதுதான் பார்த்தார்.

அங்கே ஒரு படம். அதன் கீழே சிறு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குள், பால் மீசையோடு ஒரு பெண் குழந்தை சிரித்தது. அதன் பிஞ்சு விரல்கள், உடையாத கைப்பிடியோடு இருந்த அதே கோப்பையை இறுகப் பற்றியிருந்தன.