நாற்பது குமிழி

ஓய்வுபெற்றதிலிருந்து எனக்கு ஒரே வேலை, தம்பியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவனைக் கேலி செய்வது. இருபது வருஷமாக அவன் ஒரு கண்ணாடிக் கலத்தில் பாக்டீரியா வளர்க்கிறான். அவற்றின் நொதி ஹைட்ரஜனைக் குமிழி குமிழியாகக் கக்கும். துளி ஆக்சிஜன் பட்டால் போதும், நொதி வீணாகிவிடும். கலம் இறுக்க மூடித்தான் இருக்கும். இருந்தாலும் பக்கத்தில் போனால் தம்பி மூச்சைப் பிடித்துக்கொள்வான், என்னையும் பிடிக்கச் சொல்வான். பிடித்துப் பிடித்தே என் தொப்பை கதவில் நுழையாத அளவுக்கு ஊதிவிட்டது, போங்கள்!

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரி வந்தார். நிமிஷத்துக்கு நாற்பது குமிழி வராவிட்டால் அன்றே கலத்தைக் கொட்டிவிட வேண்டும். வந்ததோ ஏழு. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பத்தானது, இருபதானது, கால் மணி நேரத்தில் நாற்பதும் ஆனது.

"சரி, இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

"ஜெயிச்சுட்டேடா! மூச்சை விடுடா, மடையா!" என்று தம்பியின் முதுகில் தட்டினேன்.

தம்பி லேசாக உதட்டைத் திறந்தான். குமிழிகள் நின்றன. சட்டென்று மூடிக்கொண்டான். குமிழிகள் மறுபடி வந்தன.

இன்று வெள்ளிக்கிழமை. தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான். கேட்டதற்கெல்லாம் எழுதிக் காட்டுகிறான். லட்சம் ஜோக் சொல்லிப் பார்த்துவிட்டேன், வாயைத் திறக்கவில்லை.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்கிறாள் அவன் மனைவி. அவன் மூக்கருகே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கிறாள். துடைக்கிறாள், திரும்பவும் பிடிக்கிறாள். கண்ணாடி பளிச்சென்றே இருக்கிறது.