இரண்டாவது ஊசி

"ஒரே ஊசியில அஞ்சு மருந்தா? பச்சப்புள்ள உடம்பு எப்படிங்க சிஸ்டர் தாங்கும்?"

அந்த ஆள் போட்ட சத்தத்தில், லெப்பைக்குடிக்காடு தடுப்பூசி முகாமில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸ் வெற்றிச்செல்வி சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தாள். இன்றைக்குப் பார்த்தா இவன் வந்து சேர வேண்டும்?

கதவோரம் மர்ஜியா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை அம்மார். முதல் ஊசி போட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல் அடித்ததில், தோஹாவில் இருக்கும் அவள் கணவன் அன்சார், இனி ஊசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டான். வெற்றிச்செல்வி அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தாள். போனில் பேசிப் பார்த்தாள். 'நர்ஸ் பேசுறேன்' என்றதுமே வைத்துவிடுவான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இந்தப் பெண் இன்று தானாக வந்திருக்கிறாள். இந்தக் கூச்சலுக்குப் பயந்து எழுந்து போய்விட்டால் மறுபடி வரவழைக்க முடியாது.

பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். "தாங்கும்ங்க. பொறந்ததுலேருந்து புள்ளைங்க உடம்பு தினமும் எத்தனையோ கிருமியோட மல்லுக்கட்டுது. அதைப் பாத்தா இது கொஞ்சம்தான். பாதுகாப்பானதா, பலன் குடுக்குதான்னு சோதிச்சுப் பாத்துத்தான் அஞ்சையும் சேத்திருக்காங்க."

"தனித்தனியாப் போட்டா என்ன?"

"அத்தனை தடவை குத்தணும், அத்தனை தடவை புள்ள அழணும். நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. வரிந்துகட்டிக்கொண்டு இன்னும் முன்னால் வந்தான்.

"அப்ப காய்ச்சல் ஏன் வருது? மருந்து ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்?"

மர்ஜியா தலையைக் குனிந்துகொண்டாள். காரியத்தைக் கெடுத்தான் பாவி என்று வெற்றிச்செல்வி மனதுக்குள் திட்டினாள்.

"இல்லைங்க. உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தயார் பண்ணுது. சில புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். நாங்க சொல்ற அளவுல மருந்து குடுத்தாப் போதும். வலிப்பு வந்தாலோ, விடாம அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துடுங்க. அது ரொம்ப அபூர்வம்."

"அதான் ஒரு ஊசி போட்டாச்சே, பத்தாதா?"

"பத்தாதுங்க. மூணு ஊசியும் போட்டாத்தான் நல்ல பாதுகாப்பு. இந்த ஊசி தடுக்குற கக்குவான் இருமல்ல மூச்சு முட்டித் தவிச்ச கைக்குழந்தைய நான் பாத்திருக்கேன்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "என்னை என்ன வேணா திட்டுங்க. புள்ளைய மட்டும் பாதியில விட்டுடாதீங்க."

அவன் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு முகாம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "சரிங்க சிஸ்டர், என் சந்தேகம் தீந்துபோச்சு. என் புள்ளைக்கு மொதல்ல போடுங்க!"

வெற்றிச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கொண்டாங்க. புள்ள எங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் குனிந்து கிசுகிசுத்தான். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க. அந்த அக்காவைக் கூட்டியாந்த ஆட்டோக்காரன் நான். அவங்க கேக்கச் சொன்னதைத்தான் கேட்டேன்."

அவள் திகைத்துப் போய்த் திரும்பினாள். மர்ஜியா குழந்தையின் துணிக்குள்ளிருந்து மெல்லப் போனை எடுத்தாள். அதிலிருந்து அன்சாரின் குரல் கணீரென்று வந்தது.

"மர்ஜியா, அவ்வளவு சண்டை போட்ட ஆளே ஒத்துக்கிட்டாரு பாரு. அவரு புள்ளைக்குப் போட்டதும் நம்ம அம்மாருக்கும் போட்டுட்டு வா!"