பானட்டில் சூடு

அவன் கேட்டைத் திறந்ததும் வீட்டுக்குள் வராமல் நேரே ஷெட்டுப் பக்கம் போனான். சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காரைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவது மாதிரி பானட்டின் மேல் ஈரத்துணி போட்டு வைத்திருந்தாள். நல்லவேளை, இப்போதுதான் எடுத்து ஒளித்திருந்தாள். எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற சாமான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதமாக அந்த வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்புவதில்லை. சாவியைத் திருப்பினால் இருமும், குலுங்கும், அணைந்துபோகும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோதான் மனசு வைக்கும். ஒருமுறை சூடாகிவிட்டால் அப்புறம் ஒரு குறை சொல்ல முடியாது.

மெக்கானிக்கிடம் விடலாம் என்றாள். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று அவனே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சின்னத் திருகாணி விழுந்தால் அதைத் தேட அரை நாள். ஆனாலும் வைத்தியர் இவர்தான்.

இன்று காலை வண்டி இருமி இருமிச் சூடான பிறகு நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் மாற்றினான். சரியாகிவிட்டதா என்பது எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முதல் தடவை திருப்பும்போதுதான் தெரியும். சூட்டோடு திருப்பினால் எந்த நோஞ்சான் வண்டியும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

"சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாத."

தொட்டுவிட்டாள்.

தொட்டதற்குத் திட்டுவான், திட்டிவிட்டுப் போகட்டும். எங்கே போனாய் என்று கேட்பானே, அதற்குத்தான் பயம். அவள் வாயில் பொய் நிற்காது. உண்மையைச் சொல்லிவிட்டாலோ, இன்று காலை வரை இருந்த வீடாக இது இருக்காது.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு அவன் அதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். பானட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"இன்னிக்குக் கண்ணாடி இல்லாம கம்பெனி மெஷின்ல திண்டாடிப் போயிட்டேன்," என்றான், அவளைப் பார்க்காமலேயே.

அவள் தலையை ஆட்டினாள். பார்வை அவன் சட்டையில் போய் நின்றது. காலையில் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் அவன் சட்டையைத் துவைப்பது லேசு, கிரீஸ் கறையே கிடையாது என்று போன வாரம்கூட அக்காவிடம் பெருமையடித்திருந்தாள்.

அவன் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

ஒரே திருப்பு. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவன் சிரித்தான். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து. இதை இப்படியே விட்டுவிட்டால் என்ன?

சிரிப்பு பாதியில் நின்றது. காதைச் சாய்த்தான். ஆறின எஞ்சின் முதல் ஒரு நிமிஷம் கொஞ்சம் வேகமாக உறுமும். இது உறுமவில்லை. குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அந்தச் சூட்டு முள் எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு."

ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். முள் நடுவில் நின்றது; ஆறின எஞ்சினென்றால் கீழேயே கிடந்திருக்கும்.

கீழே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்புவான். அவள் சொல்லி அவன் எதையும் நம்பாமல் இருந்ததில்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டுத் தூங்குவான். நாளைக்குக் காலையில் வண்டி மறுபடி இருமினாலும் இருமும். எங்கே தப்பு என்று தெரியாமல் இவன் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பான்.

"நடுவுல நிக்குதுங்க."

அவன் திரும்பினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சுற்றிக்கொண்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்து அவன் கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள்.

"மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களேன்னு, உங்க கம்பெனி கேட்டு வரைக்கும் கொண்டுவந்தேன்."

அவன் கை தானாகச் சாவிக்குப் போய் எஞ்சினை அணைத்தது.

கேட்டில் இருந்த காவலாளி நல்ல மனுஷர். அவளை நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார், அவன் வேலை பார்த்த பிரிவையே மூடி மூன்று மாதம் ஆகிறது என்று. வீட்டுக்கு வர மனசில்லாமல் சாயங்காலம் வரை அவள் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவனாகச் சொல்லட்டும், அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவும் செய்திருந்தாள்.

நீட்டிய கூடு அவள் கையிலேயே இருந்தது. மூடியிருந்த பானட்டுக்குள் எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"ராத்திரி நல்லா ஆறட்டும். காலைல திருப்பிப் பாக்கலாம்," என்றாள். "நீங்களும் வீட்டுலதான இருப்பீங்க."

அவன் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டான். முள்ளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.