செலினின் ஆறு கோடுகள்

தாங்கியில் சாய்த்து வைத்த ஃபோனின் வெளிச்சம் மங்கும்போதெல்லாம் செலின் குனிந்து மூக்கு நுனியால் திரையைத் தட்டுகிறாள். கையைக் கித்தாரிலிருந்து எடுத்தால் விரல்களுக்கு மறுபடி இடம் தெரியாது. கற்றுக்கொள்ளத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. வழக்கமாக வாசிக்கும் ஷான் டிங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கிள்ளான் மாதா கோயிலின் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு அவள்தான் வாசிக்க வேண்டும். அவன் அனுப்பிய படத்தில் ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். கோடு தந்தியைக் காட்டும், எண் விரல் வைக்கும் கட்டத்தைக் காட்டும். மெல்ல மீட்டுகிறாள். ஃபாதர் உள்ளே நடந்து வரும்போது பாடும் வருகைப் பாடலுக்குப் பதிலாக, தகரத்தில் ஆணி உருள்வதுபோல் ஏதோ வருகிறது. பாடகர் குழுவிலிருந்து ஷார்மைன் எட்டிப் பார்க்கிறாள்.

“ஆன்டி, தலைகீழா பாக்குறீங்க லா. மேல் கோடுதான் கீழ இருக்கற மெல்லிசு ஸ்ட்ரிங்.”

“மேல இருக்கறது கீழயா?”

“ஆமா. இன்னும் மூனு நிமிஷம்தான் இருக்கு. ஃபாதர்கிட்ட சொல்லிடவா?”

“வேணாம்மா.”

வியர்வை மூக்கில் இறங்கிக் கித்தார் பலகையில் சொட்டுகிறது. செலின் கோடுகளைக் கீழிருந்து எண்ணி விரலை நகர்த்துகிறாள். முதல் ஒலி பாட்டின் முதல் ஒலியாகவே வருகிறது. அதற்குள் மணி அடித்துவிடுகிறது; எல்லாரும் எழுகிறார்கள்; வாசலில் ஃபாதர் நிற்கிறார். அந்த நேரம் பார்த்துத் திரை அணைகிறது. செலின் ஆழமாகக் குனிகிறாள். அதைப் பார்த்த முன்வரிசைப் பெரியவர் பயபக்தியோடு தானும் குனிகிறார். பின்னால் வரிசை வரிசையாகத் தலைகள் தாழ்கின்றன. கோயிலே குனிந்து காத்திருக்கிறது. ஈர மூக்கால் எத்தனை முறை தட்டியும் திரை விழிப்பதாக இல்லை.